கை கொடுக்காமல் போன மல்யுத்தக்காரி

அந்தப் படத்தைத் திட்டுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே வருத்தம்தான். கடைசியில் அவள் ஏன் கை கொடுக்காமல் போனாள்?

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மல்யுத்தக்காரி. போட்டியன்று காலையில், எடை பார்க்கிற தராசைப் பயிற்சியாளரே திருகி வைத்துவிடுகிறார். எடை கூடிவிட்டது என்று அவளைக் கழித்துக்கட்டிவிட்டுத் தனக்கு வேண்டிய பெண்ணை அனுப்புகிறார். அவள் ஊர் திரும்பி, கல்யாணம், பிள்ளை, மாட்டுச்சாணி என்று பாதி ஆயுள் போனபிறகு மறுபடியும் களத்தில் இறங்குகிறாள். கடைசிப் போட்டியில் அதே பயிற்சியாளரின் புது மாணவியோடு மோதுகிறாள். புள்ளியில் ஜெயித்தாகிவிட்டது. பிடியை விட்டிருக்கலாம். விடவில்லை. இன்னும் அமுக்குகிறாள். அந்தப் பெண்ணின் தோள்பட்டை நழுவிவிடுகிறது. பிறகு பயிற்சியாளர், இப்போது கிழவர், கூட்டத்தின் முன்னால் வந்து "என்னை மன்னித்துவிடு" என்று கையை நீட்டுகிறார். அவள் துண்டை எடுத்துத் தன் கையைத் துடைத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போகிறாள். அத்தோடு படம் முடிந்துவிடுகிறது.

நானும் என் தங்கச்சியும் சிரம்பான் டவுனில் போய்ப் பார்த்தோம். விளக்கு போட்டதும் எங்களுக்கு முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர், "என்ன படம்லா இது, கிழவன மன்னிச்சிருந்தா என்ன கொறஞ்சா போயிரும்" என்று புடவையை உதறிக்கொண்டு எழுந்தார். சாப்பாட்டுக் கடையில் ஆளுக்கொரு தட்டு மீ கோரெங் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் தங்கச்சி வாயைத் திறந்தாள்.

"அந்தத் துண்டப் பாத்தியாக்கா? வெள்ளத் துண்டு. மடிப்புக்கூட கலையல. அவ அதுக்குன்னே புதுசா வாங்கி வச்சிருக்கா."

நான் துண்டைக் கவனிக்கவே இல்லை. அவள் கவனித்திருக்கிறாள். ஏன் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் தோட்டம் லாபுவுக்கு உள்ளே இருந்தது. முதலில் பால்மரம் என்கிற ரப்பர், பிறகு எண்ணெய்க்காகச் செம்பனை, இப்போது வீடமைப்பு. நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடு எது என்று கேட்டால் யாரோ ஒருவருடைய கார் நிற்கிற இடத்தைக் காட்ட வேண்டியிருக்கும். அதைப் பற்றி உருக எனக்கு நேரமில்லை. மழை பெய்தால் கூரையில் இருந்து தண்ணீர் சோற்றுப் பானையில் சொட்டிய வீடு அது. போனது போகட்டும்.

மல்யுத்தம் எங்களுக்குத் தெரியாது. கபடி தெரியும். ஆளை இடுப்பில் பிடித்து மண்ணில் சாய்க்கிற வேலையில் என் தங்கச்சியை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. மெலிந்த உடம்புதான். ஆனால் பிடித்தால் உடும்புப் பிடி. பள்ளிக்கூட ஆட்டத்தைப் பார்த்துவிட்டு மாநிலக் குழுவுக்குக் கூப்பிட்டார்கள். அவளுக்குப் பதினாறு வயது. அதே குழுவில் கூடுதல் ஆளாக, யாருக்காவது அடிபட்டால் இறங்குவதற்காக இன்னொரு பெண்ணையும் எடுத்து வைத்திருந்தார்கள். அவள் எங்கள் மண்டோரின் மகள்.

மண்டோர் என்றால் தோட்டத்தில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிறவர். எங்களுடையவர் கோயில் தலைவரும்கூட. காலையில் அவர் சொன்ன மரத்துக்குப் போக வேண்டும், சாயங்காலம் அவர் கொடுத்த திருநீற்றைப் பூச வேண்டும். அதற்கு நடுவில் மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

இரண்டு பிள்ளைகளும் பயிற்சிக்குக் கிளம்ப இருந்த வாரத்தில் அவர் ஒரு பேச்சைக் கிளப்பினார். தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால், லோரி ஓட்டுகிற ஒரு பையனோடு என் தங்கச்சியைக் கண்ணால் பார்த்தாராம். கால்சட்டையோடு நின்றாளாம். கால்சட்டை உண்மைதான். கபடியைப் பாவாடை கட்டிக்கொண்டா ஆடுவார்கள்?

இங்கே எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோழி காணாமல் போனாலும், வேலி தள்ளிப் போனாலும், வாய்ச்சண்டை கைகலப்பானாலும் போலீசுக்குப் போக மாட்டோம். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு தரப்பையும் மாரியம்மன் முன்னால் நிறுத்துவார்கள். தட்டில் சூடம் எரியும். குற்றம் சொன்னவரும் உள்ளங்கையால் அதை அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். மறுத்தவரும் அப்படியே செய்ய வேண்டும். பொய் சொன்னவரை ஆத்தா பார்த்துக்கொள்வாள். அதன்பிறகு தலைவர் கையால் இருவருக்கும் திருநீறு. பூசிக்கொண்டால் விவகாரம் முடிந்தது, யாரும் அதைக் கிளறக் கூடாது.

அன்றைக்கு என் தங்கச்சி அடித்தாள். அடித்த கையைச் சட்டென்று எடுக்கவில்லை, வைத்து அழுத்தினாள். உள்ளங்கையில் காசு அளவுக்குத் தோல் வெந்துவிட்டது. அந்த இடம் இன்றைக்கும் பளபளவென்று இருக்கிறது. குற்றம் சொன்னவர் அடிக்கவில்லை. ஏன் என்றால் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவரே அவர்தான். தலைவர் ஆயிற்றே. ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. உறைத்தவர்களும் மறுநாள் அவர் காட்டுகிற மரத்துக்குத்தான் போக வேண்டும்.

"பிள்ள சத்தியம் பண்ணிருச்சு. சாமி பாத்துக்கும்," என்றார். "இருந்தாலும் வயசுப் பிள்ளய வெளிய அனுப்புறது நல்லதில்ல." தட்டிலிருந்து திருநீறு எடுத்து நீட்டினார். தங்கச்சி நின்றுகொண்டே இருந்தாள். அம்மா பின்னாலிருந்து அவள் முதுகைப் பிடித்துத் தள்ளினாள். தங்கச்சி வாங்கிப் பூசிக்கொண்டாள்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு அப்பா அவளை எங்கும் போகவிடவில்லை. மண்டோர் மகள் மாநிலக் குழுவோடு போனாள். அந்தச் சான்றிதழை வைத்து உடற்பயிற்சி ஆசிரியை ஆனாள். என் தங்கச்சியை மறு வருடமே ஒருவன் தலையில் கட்டினார்கள். அவன் கோபம் வரும்போதெல்லாம் "ஸ்டோருக்குப் பின்னால" என்று ஆரம்பிப்பான். எந்தத் தோட்டத்துப் பேச்சும் அந்தத் தோட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. அவனை விட்டு வந்து, செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, இப்போது ஓர் உற்பத்தி வரிசைக்கே அவள் மேற்பார்வையாளர். நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் பழைய தோட்டத்து ஆட்கள் கூடுகிற எந்த விசேஷத்துக்கும் வரமாட்டாள். அவள் பெயரை எடுக்கும்போது கிழவிகள் குரலைத் தாழ்த்துகிறார்கள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்தக் குரல் தாழக் கூடாது.

நான் இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அம்மா. அவள் இருக்கிறவரை கிளறக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள். போன வருடம் அம்மா போய்ச் சேர்ந்தாள்.

எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு வாட்ஸாப் குழு ஒன்று உண்டு. காலை வணக்கம், செத்தவர் படம், சர்க்கரை நோய்க்குப் பாகற்காய், மறுபடியும் காலை வணக்கம். மண்டோரின் மகள் வருடா வருடம் மாநிலக் குழுச் சட்டையில் எடுத்த தன் பழைய படத்தைப் போடுவாள். எல்லாரும் கும்பிடு போடுவார்கள். அந்தக் குழுவில்தான் மண்டோர், இப்போது எண்பதை நெருங்குகிறவர், அந்த மல்யுத்தப் படத்தைப் பற்றிக் குரல் பதிவு போட்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்தப் படத்தப் பேரப்பிள்ளைங்களுக்குக் காட்டாதீங்க. வெளையாட்டுன்னா முடிஞ்சதும் கை குடுக்கணும். வயசானவங்க எறங்கி வந்து மன்னிப்புக் கேட்டா ஏத்துக்கணும். தொடச்சிக்கிட்டுப் போறது என்ன பண்பாடு? பொம்பள மனசுல வஞ்சம் வச்சிருந்தா குடும்பம் வெளங்காது."

நான் அம்பாங்கானில் பல் மருத்துவர் ஒருவரிடம் வேலை செய்கிறேன். கடைசி நோயாளி வாயைத் திறந்துகொண்டு உள்ளே படுத்திருந்தார். நான் முகப்பு மேசையில் உட்கார்ந்து அந்தப் பதிவை இன்னொரு முறை கேட்டேன். என் தங்கச்சி குடும்பம் விளங்காமல் போனதற்கு வஞ்சம் காரணமாம். யார் சொல்கிறார் பாருங்கள்.

பதில் போட்டேன். நீளமாகவே போட்டேன். நம் வீட்டு ஆண்கள் பார்க்கிற படத்தில் கதாநாயகன் அரிவாளோடு ஒரு தெருவையே வெட்டிச் சாய்க்கிறான், நீங்கள் விசில் அடிக்கிறீர்கள், அதில் யாரும் பண்பாட்டைத் தேடவில்லை. இங்கே ஒரு பெண் கையைத் துடைத்துக்கொண்டாள், அவ்வளவுதான் செய்தாள், உடனே பேரப்பிள்ளைகள் கெட்டுப்போகிறார்களா என்று கேட்டேன். அந்தக் கிழவர் தோற்றபிறகுதான் மன்னிப்புக் கேட்கிறார், ஜெயித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் எங்கே போனார் என்று கேட்டேன். இதை மட்டும் தனியாக இன்னொரு பதிவாகப் போட்டேன்: "மன்னிச்சிருன்னு சொல்றாரே தவிர, எதுக்குன்னு அந்த மனுஷன் வாயால சொல்லவே இல்ல. தராசத் திருகினேன்னு ஊர் கேக்க சொல்லியிருந்தா அவ கை குடுத்திருப்பாளோ என்னமோ. எதுக்குன்னு சொல்லாம கேக்குறது மன்னிப்பே இல்லங்கய்யா. வாயப் பொத்துறதுக்குக் குடுக்குற மிட்டாய்."

தோள்பட்டையைப் பற்றி ஒருவர் கேட்டார். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள், அவளை ஏன் நசுக்க வேண்டும் என்று. அந்த இடத்தில் எனக்கும் பல் கூசியது. அந்தக் கேள்வியைத் தாண்டி அடுத்த ஆளைத் திட்டினேன்.

மூன்றாம் நாள் அந்த வாட்ஸாப் குழுவை நடத்துகிற செயலாளர் போனில் கூப்பிட்டார். சொந்தத் தொழில் செய்கிறவர், நல்ல மனுஷன், யாரும் முகம் சுளிக்கக் கூடாது என்று நினைக்கிற ஆள்.

"என்னாக்கா, ஒரு படத்துக்குப் போயி பெரியவர இப்பிடிப் பேசிட்டீங்க. அவரு மனசு சங்கடப்படுறாரு. ஞாயித்துக்கெழம கோயில்ல நம்ம ஒன்றுகூடல் இருக்குல்ல? வாங்க. நம்ம வழக்கப்படி ஆத்தா முன்னுக்கு நின்னு அவரு கையால துன்னூறு வாங்கிக்குங்க. முடிஞ்சிச்சுலா."

இதுதான் எங்கள் ஆட்கள் எப்போதும் செய்கிற தப்பு. திருநீறு பூசினால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைப்பது. சண்டை படத்தைப் பற்றியது என்று நினைத்து அவர் மண்டோருக்கு மேடை போடுகிறார். மேடை எனக்குத்தான் என்று அவருக்குத் தெரியாது.

"வழக்கப்படின்னா முழு வழக்கப்படிதானே தம்பி? சூடம் ஏத்துவீங்கல்ல?" என்று கேட்டேன்.

"ஏத்தாமலாக்கா."

"அப்ப வரேன். தங்கச்சியயும் கூட்டிட்டு வரேன்."

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தங்கச்சியிடம் சொன்னபோது அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். குழாயை மூடிவிட்டு, "தட்ட யாரு பிடிக்கிறாங்க?" என்று மட்டும் கேட்டாள். செயலாளர் என்றேன். "அப்ப வரேன்" என்றாள்.

தோட்டத்துக் கோயிலை இப்போது தாமான் வீடுகளின் ஓரத்தில் ஒரு துண்டு நிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். புதுக் கூரை, புது மின்விசிறி. ஆத்தா மட்டும் பழைய ஆத்தா. மண்டபம் நிறைய ஆட்கள். தங்கச்சி உள்ளே வந்ததும் நான் எதிர்பார்த்தபடி குரல்கள் தாழ்ந்தன. அவள் பச்சைப் புடவையில் நிமிர்ந்துதான் வந்தாள். கைப்பையை மட்டும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

மண்டோரை அவருடைய மகள் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. என்னைப் பார்த்துப் பெரிய மனது பண்ணிச் சிரித்தார். மகளும் சிரித்தாள். அவளுடைய சிரிப்பில் கள்ளம் இல்லை. அதை அன்றைக்கே கவனித்தேன்.

பூசை முடிந்ததும் செயலாளர் தட்டோடு வந்தார். "ஒரு படத்துனால நம்ம குடும்பத்துல ஒரு சின்ன மனஸ்தாபம்" என்று பேசிச் சூடத்தை ஏற்றினார். மண்டோர் திருநீறு எடுக்கக் கையை நீட்டினார்.

"கொஞ்சம் இருங்கய்யா," என்றேன். "துன்னூறு கடைசிலதானே. அதுக்கு முந்தி ரெண்டு தரப்பும் அடிக்கணும். அதானே நம்ம வழக்கம்?"

செயலாளர் சிரித்தார். "படத்துக்குமாக்கா சூடம் அடிக்கணும்?"

"படத்துக்கு இல்ல தம்பி. என் தங்கச்சிய ஸ்டோருக்குப் பின்னால பாத்தேன்னு ஐயா சொன்னாரே. அதுக்கு அவ அடிச்சிட்டா. இவரு அடிக்கல. அன்னிக்குத் தட்டு இவரு கையில இருந்துச்சு. இன்னிக்குத் தட்டு உங்க கையில இருக்கு."

தங்கச்சி எனக்குப் பக்கத்தில் வந்து நின்று உள்ளங்கையை விரித்து அவருக்குக் காட்டினாள்.

"நா அன்னிக்கே அடிச்சிட்டேங்கய்யா. உங்க மொறதான் பாக்கி இருக்கு."

அவர் சூடத்தைப் பார்த்தார். ஆத்தாவைப் பார்க்கவில்லை. "பழசெல்லாம் எதுக்கு இப்ப. எனக்கு வயசாயிருச்சு. கை நடுங்குது" என்றார்.

அப்போது அவருடைய மகள் முன்னால் வந்தாள். அவளுக்கு அப்பா மேல் அவ்வளவு நம்பிக்கை. "அப்பா, நீங்க அடிங்கப்பா. நீங்க பாத்தத பாத்தேன்னு சொல்றதுல என்னப்பா பயம்? அடிச்சிட்டா இவங்க வாயும் அடங்கிரும்" என்று சொல்லி, அவர் கையைத் தானே பிடித்துச் சூடத்துக்கு மேலே கொண்டுபோனாள்.

அவர் கையைப் பிடுங்கிக்கொண்டார்.

எண்பதை நெருங்குகிற கிழவருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. மகள் தடுமாறி ஓர் அடி பின்னால் போய்விட்டாள். சூடம் எரிந்துகொண்டே இருந்தது. செயலாளருக்குத் தட்டை என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரும் அதை அணைக்கவில்லை. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க அது தானாக எரிந்து, கறுத்து, அடங்கியது.

"மன்னிச்சிரும்மா," என்றார் அவர், என் தங்கச்சியைப் பார்த்து.

"எதுக்குங்கய்யா?"

தங்கச்சி காத்திருந்தாள். உண்மையாகவே காத்திருந்தாள். பதில் வராது என்று தெரிந்ததும் செயலாளர் பக்கம் திரும்பி, "தம்பி, பசிக்குது. இல போடச் சொல்லுங்க" என்றாள். அன்றைக்கு அவள் இரண்டு தரம் பாயசம் வாங்கிச் சாப்பிட்டாள். கிழவிகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவளை உரக்கக் கூப்பிட்டு அப்பளம் வைத்தார்கள். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. நான் சாப்பிடவே இல்லை.

கை கழுவுகிற இடத்தில் மண்டோரின் மகள் எங்களுக்காக நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய அப்பா சாப்பிடாமல் போய்க் காரில் உட்கார்ந்துவிட்டிருந்தார். அவள் என் தங்கச்சியைப் பார்க்க முடியாமல் என்னிடம் கேட்டாள்.

"அப்ப மாநிலக் குழுல அந்த எடம் இவளோடதுதானாக்கா? நா போனது?"

நீயும் நன்றாகத்தான் ஆடினாய் என்று சொல்லியிருக்கலாம். பழசு எல்லாம் எதற்கு என்று அவள் அப்பாவைப் போலவே சொல்லியிருக்கலாம். ஜெயித்தாகிவிட்டது, பிடியை விட்டிருக்கலாம்.

"ஆமா," என்றேன்.

அவள் முகம் உடைந்ததை நின்று பார்த்தேன். படத்தில் அந்தத் தோள்பட்டை நழுவியபோது என்ன சத்தம் கேட்டிருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது. தெரிந்தும் சொன்னதைத் திரும்ப வாங்க எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. அந்தப் படத்தில் தப்பு இருக்கிறது என்று யாராவது என்னிடம் வந்து சொன்னால், ஆமாம், அந்த இடத்தில் இருக்கிறது, அதனால்தான் அது உண்மையான படம் என்று சொல்லுவேன்.

தங்கச்சி கைப்பையைத் திறந்தாள். உள்ளே மடிப்புக் கலையாமல் ஒரு வெள்ளைத் துண்டு. விலைச்சீட்டைக்கூடப் பிய்க்கவில்லை. அதை எடுத்து மண்டோரின் மகளிடம் கொடுத்தாள்.

"மொகத்தத் தொடச்சிக்க," என்றாள்.

பிறகு தன் ஈரக் கையைப் புடவை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கார் கண்ணாடியை இறக்கி ஏதோ சொல்ல வந்த கிழவரைத் தாண்டி நடந்தாள்.